புரிந்தால் போதும் என்கிற வாதம்

போர் விமான சிமுலேட்டர்களில் ரேடியோவில் பேசுவதற்கென்று ஒரு சொற்பட்டியல் உண்டு. அமெரிக்காவின் எல்லாப் படைகளுக்கும் பொதுவாக வெளியிடப்பட்டு அவ்வப்போது திருத்தப்படும் கையேடு ஒன்றும், நேட்டோவின் ஏபிபி-7 ஆவணமும் அதன் ஊற்றுக்கண்கள். பிரெவிட்டி கோட் என்பது அதன் பெயர். இங்கே குறிச்சொல் என்று வைத்துக்கொள்ளலாம். ஃபாக்ஸ் த்ரீ, டேலி, பேண்டிட், பிங்கோ, ஸ்பைக்டு எல்லாம் இந்த வகை. டிசிஎஸ் வேர்ல்ட், ஃபால்கன் பிஎம்எஸ் போன்றவற்றில் நான்கைந்து பேர் சேர்ந்து பறக்கும்போது இவற்றை வரையறைப்படி சரியாகச் சொல்லித்தான் ஆகவேண்டுமா என்று கேட்டால், பறப்பவர்களில் பலரிடமிருந்து வரும் பதில் ஒன்றுதான்: புரிந்தால் போதும்.

இந்தப் பதிலை அதன் வலுவான வடிவிலேயே எடுத்துக்கொள்வதுதான் நியாயம். சிமுலேட்டர் ஒரு விளையாட்டு. சுடப்பட்டவர் அடுத்த சில நிமிடங்களில் புது விமானத்தில் ஏறிக்கொள்கிறார். உண்மைப் போர் விமானத்தின் ரேடியோவில் இரைச்சல் உண்டு, ஒருவர் பேசும்போது இன்னொருவர் பேச முடியாது, எனவே அங்கே பேச்சு சுருங்கியாக வேண்டும். டிஸ்கார்ட் என்ற குரல்வழிச் செயலியில் பேசுகிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இந்தச் சொற்களை உருவாக்கியவர்கள் வேறு நாட்டுக்காரர்கள். போடிநாயக்கனூருக்குப் பக்கத்து ராசிங்காபுரத்தில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்காரும் ஓர் இளைஞருக்கு “மாப்ள, ஒருத்தன் உன் பின்னாடி வர்றான், லெஃப்ட்ல ஒடி” என்பது வரும் வேகத்தில் “பிரேக் லெஃப்ட், பேண்டிட் யுவர் சிக்ஸ்” வராது. நிஜ விமானிகளும் தேவைப்படும்போது சாதாரணப் பேச்சில்தான் பேசுகிறார்கள். கடைசியாக, இந்தச் சொற்களை வற்புறுத்தும் குழுக்களிலிருந்து புதியவர்கள் பயந்து விலகுகிறார்கள்.

ஐந்தில் எதுவும் அற்பமான வாதம் இல்லை. ஆனால் ஐந்துக்கும் அடியில் சோதித்துப் பார்க்கப்படாத ஓர் அனுமானம் கிடக்கிறது: நீளமான வாக்கியம் ஒன்றைச் சுருக்கினால் கிடைப்பதுதான் குறிச்சொல் என்பது. அதில்தான் பிசகு. தெரிந்தது எது, தெரியாதது எது, அடுத்து யார் என்ன செய்யலாம் என்பதைச் சொல்கிறவரே முடிவு செய்து சொல்லும்படி கட்டாயப்படுத்துவதுதான் குறிச்சொல்லின் முதல் வேலை. சுருக்கம் அதன் உபரி லாபம்.

1. சுருக்குவதுதான் நோக்கம் என்றால், எதிரியைக் குறிக்க ஏன் மூன்று சொற்கள்? ரேடாரிலோ கண்ணிலோ படுகிறது, யாருடையது என்று தெரியவில்லை என்றால் அது போகி. எதிரியுடையது என்று அந்தப் போர்க்களத்துக்கான அடையாள விதிகளின்படி உறுதியானால் பேண்டிட். ஆனால் பேண்டிட் என்று அறிவிக்கப்பட்டதாலேயே சுட அனுமதி கிடைத்துவிடாது. எதிரி என்பதும் உறுதி, சுடவும் அனுமதி உண்டு என்றால்தான் ஹாஸ்டைல். “எனிமி வர்றான்” என்கிற வாக்கியம் இந்த மூன்றையும் ஒரே பானையில் கொட்டிவிடுகிறது. கேட்பவருக்குப் புரிந்துவிட்டது போலத்தான் இருக்கும். என்ன புரிந்தது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு. ஒரே வகை எஃப்-16 விமானம் இரு அணியிலும் பறக்கும் சர்வர்களில் இந்த வேறுபாட்டின் விலை, சொந்த அணிக்காரர் மேல் பாயும் ஏவுகணை.

பார்ப்பதிலும் இதே கதை. எதிரியைக் கண்ணால் கண்டால் டேலி, காணவில்லை என்றால் நோ ஜாய். நம்மவரைக் கண்டால் விஷுவல், காணவில்லை என்றால் பிளைண்ட். ரேடார் போன்ற கருவியில் மட்டும் தெரிந்தால் கான்டாக்ட். “பார்த்துட்டேன்” என்று ஒருவர் சொன்னால் இவற்றில் எதைச் சொன்னார்? கூடப் பறப்பவர் அந்தப் பதிலை நம்பித்தான் திரும்புவதா, சுடுவதா, விலகுவதா என்று முடிவெடுக்க வேண்டும். நம்மவர் எங்கே என்றே தெரியாதவர், அதாவது பிளைண்டாக இருப்பவர், எதிரியை மட்டும் பார்த்துவிட்டு “பார்த்துட்டேன்” என்று சொல்லித் திரும்பினால், அவர் மோதப்போவது அநேகமாக நண்பரோடுதான்.

நிஜத்தில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1994 ஏப்ரல் 14 சாட்சி. வடக்கு ஈராக்கின் பறக்கத் தடைசெய்யப்பட்ட வான்பகுதியில் அமெரிக்காவின் இரண்டு எஃப்-15 விமானங்கள், அமெரிக்காவின் இரண்டு பிளாக்ஹாக் ஹெலிகாப்டர்களையே சுட்டு வீழ்த்தின. உள்ளே இருந்த 26 பேரும் இறந்தார்கள். முன்னணி விமானி அவற்றை ரஷ்யத் தயாரிப்பான ஹைண்ட் ஹெலிகாப்டர்கள் என்று அறிவித்துவிட்டு, இணை விமானியை உறுதிப்படுத்தச் சொன்னார். இணை விமானி சற்றுப் பொறுக்கச் சொல்லிவிட்டு, பிறகு கொடுத்த பதில் ‘டேலி டூ’. தன் கண்ணுக்கு இரண்டு ஹெலிகாப்டர்கள் தெரிகின்றன என்பதே அவர் சொன்னது. அவை ஹைண்ட்தான் என்று உறுதிசெய்ததாக முன்னணி விமானி எடுத்துக்கொண்டார்.

குறிச்சொல் தெரிந்த தொழில்முறை விமானிகளுக்கே இப்படி என்றால், அந்தச் சொல்லால் என்ன பயன் என்று எதிர்த்தரப்பு கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அந்த விபத்துக்குக் காரணங்கள் பல: ஹெலிகாப்டர்கள் வரும் தகவல் போர் விமானங்களுக்குப் போய்ச் சேராதது, அடையாளக் கருவி கைகொடுக்காதது, மேலே கண்காணித்துக்கொண்டிருந்த ஏவாக்ஸ் விமானம் குறுக்கிடாதது. ஆனால் கடைசிக் கண்ணியில் நடந்தது, குறிச்சொல்லை அதன் வரையறைப்படி கேட்காமல், கேட்பவர் எதிர்பார்த்த பொருளில் கேட்டது. புரிந்தால் போதும் என்கிற கொள்கை செயல்பட்டால் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேட வேண்டியதில்லை. அவருக்குப் புரிந்துதான் இருந்தது.

2. டிஸ்கார்டில் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசலாம் என்பது உண்மை. நான்கு பேர் பேசுவதை ஒருவர் ஒரே நேரத்தில் கேட்க முடியுமா? நெருக்கடி கம்பியில் இல்லை, காதில் இருக்கிறது. ஒரு கண் ரேடார் திரையிலும் ஒரு கண் எரிபொருள் அளவிலும் இருக்க, எச்சரிக்கைக் கருவி கீச்சிட்டுக்கொண்டிருக்கும்போது, மூளை வாக்கியங்களைப் பிரித்துப் பொருள் எடுப்பதில்லை. பழகிய ஒலிகளை மட்டும் பிடித்துக்கொள்கிறது. டிசிஎஸ்ஸோடு இணைத்துப் பயன்படுத்தப்படும் எஸ்ஆர்எஸ் என்ற ரேடியோ மென்பொருள் வந்தபின் ‘இரைச்சல் இல்லை’ என்ற வாதமும் பாதி செத்துவிட்டது. அதில் அலைவரிசை உண்டு. சர்வர் நடத்துபவர் விரும்பினால் தூரத்துக்கும் குறுக்கே நிற்கும் மலைக்கும் தகுந்தபடி குரல் அறுந்துபோகச் செய்யலாம்.

இரண்டு குரல்கள் ஒரே அலைவரிசையில் மோதினால் என்ன ஆகும் என்பதை 1977 மார்ச் 27 அன்று டெனரிஃப் காட்டியது. கட்டுப்பாட்டுக் கோபுரம் ‘ஓகே’ என்று தொடங்கி, காத்திருக்கும்படி சொன்ன பகுதியும், அதே நொடியில் இன்னொரு விமானம் கொடுத்த எச்சரிக்கையும் ஒன்றோடொன்று மோதிக் கீச்சொலியாகிவிட்டன. ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு பயணிகள் விமானத் துறை செய்த திருத்தங்களில் ஒன்று, ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லை அதற்கான அனுமதியைக் கொடுக்கும்போதும் ரத்து செய்யும்போதும் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற விதி. புரிந்தால் போதும் என்று அந்தத் துறை முடிவு செய்யவில்லை.

இடத்தைச் சொல்வதில்தான் சாதாரணப் பேச்சு மிக மோசமாகத் தோற்கிறது. ராசிங்காபுரத்தையே குறிப்புப் புள்ளியாக, அதாவது புல்ஸ்ஐயாக, வைத்து ஒரு பயிற்சியைக் கற்பனை செய்து பார்க்கலாம். (டிசிஎஸ்ஸில் தென்னிந்திய வரைபடம் கிடையாது, காகிதத்தில் போட்டுப் பார்க்க அது தடையில்லை.) நான்கு விமானங்களில் ஒன்று போடிக்கு மேல், ஒன்று தேவாரத்துக்கு மேல், ஒன்று கம்பம் பக்கம், ஒன்று ஆண்டிபட்டிக் கணவாயருகே. எதிரி ஒருவர் மேற்கிலிருந்து வருகிறார். “மாப்ள, உன் ரைட் சைடுல” என்றால் அது நான்கில் ஒருவருக்குத்தான் உதவும், அதுவும் அவர் அந்த நொடியில் திரும்பாமல் இருந்தால்தான். “புல்ஸ்ஐ 270, 20, பதினைந்தாயிரம், ஹாட்” என்றால் நால்வருக்கும் ஒரே படம் கிடைக்கிறது: ராசிங்காபுரத்துக்கு நேர் மேற்கே 20 கடல் மைல், ஏறத்தாழ 37 கிலோமீட்டர், இடுக்கி மலைகளின் மேல், பதினைந்தாயிரம் அடி உயரத்தில், நம்மை நோக்கி வருகிறார். ஒருவருக்கு மட்டும் சொல்வதானால் அவருடைய விமானத்திலிருந்தே திசையும் தூரமும் கணக்கிட்டுச் சொல்லும் பிரா என்ற முறை தனியே இருக்கிறது. யாருக்கு எந்த முறை என்பதும் குறிச்சொல் கட்டாயப்படுத்தும் முடிவுகளில் ஒன்று.

இந்த நிலப்பரப்பு இன்னொன்றையும் கற்றுக்கொடுக்கும். போடிச் சமவெளிக்கு மேற்கே ஏலமலை சுவராக எழுகிறது. வடமேற்கே உள்ள மீசைப்புலிமலையின் உயரம் 2,640 மீட்டர். அடிவாரத்தில் தாழப் பறப்பவருக்கு மலைமுகட்டுக்கு அந்தப்புறம் இருப்பவரின் ரேடியோ விட்டுவிட்டுத்தான் எட்டும். யாரை அழைக்கிறோம், யார் அழைக்கிறோம், எங்கே, எவ்வளவு உயரம் என்று வரிசை முன்கூட்டியே நிச்சயமாகியிருந்தால், பாதியில் அறுந்த செய்தியிலும் பாதிக்குப் பயன் இருக்கும். “மாப்ள, அங்க ஒருத்தன்…” என்று தொடங்கி அறுந்தால் மிஞ்சுவது பதற்றம் மட்டும். விளையாட்டுக்கு வெளியேயும் இந்தச் சரிவுகளில் வானிலிருந்து ஆளைத் தேடவேண்டிய நாள் வந்திருக்கிறது: 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலையேறச் சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, மீட்புக்கு விமானப்படை ஹெலிகாப்டர்களும் வந்தன. இப்படிப்பட்ட சரிவில் கீழே நிற்பவர் ‘அந்தப் பாறைக்கு மேல’ என்றால் மேலிருப்பவருக்கு எந்தப் பாறை என்று தெரிய வழியில்லை. இருவரும் ஒப்புக்கொண்ட ஒரு புள்ளி முதலில் வேண்டும்.

3. அந்நியச் சொல் நாக்கில் வராது என்ற வாதத்துக்கு வரலாறே பதில் சொல்லிவிட்டது. 1940-இல் பிரிட்டன் வான்போரில் ஆங்கிலேயர்களோடு சேர்ந்து பறந்த போலந்து விமானிகளில் பலருக்கு ஆங்கிலம் ஏறக்குறையத் தெரியாது. கட்டுப்பாட்டு அறையின் சொற்களை அவர்களுக்குப் பழக்க ஆங்கிலேயர்கள் செய்த ஏற்பாடு வேடிக்கையானது: ரேடியோவும் திசைகாட்டியும் பொருத்திய மூன்று சக்கர சைக்கிள்களை மைதானத்தில் ஓட்டவிட்டு, காதில் வரும் கட்டளைப்படி திரும்ப வைத்தார்கள். அதுவும் ஒரு சிமுலேட்டர்தான். அந்தப் போலந்துப் படைப்பிரிவுகளில் ஒன்றான 303, அந்தப் போரில் மிக அதிக எதிரி விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கு வைக்கப்பட்ட பிரிவுகளில் இடம்பெற்றது.

இவை ஆங்கிலச் சொற்கள்தாம். ஆனால் ஆங்கிலம் தெரிந்ததால் மட்டும் இவை தெரிந்துவிடாது. ‘ஸ்பைக்டு’ என்றால் எதிரி ரேடார் தன்னைக் குறிவைத்துப் பூட்டியிருக்கிறது, ‘நெயில்ஸ்’ என்றால் தேடிக்கொண்டு மட்டும் இருக்கிறது என்பது லண்டனில் பிறந்தவருக்கும் கற்றுக்கொண்டால்தான் தெரியும். அந்த வகையில் ராசிங்காபுரத்து இளைஞரும் அவரும் ஒரே வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். உண்மையில் தமிழ் இளைஞருக்குச் சிறு அனுகூலமே உண்டு. அன்றாடப் பேச்சில் ‘விஷுவல்’ என்ற சொல்லை வேறு பொருளில் புழங்கிப் பழகாதவருக்கு அதன் போர்ப்பொருள் சுத்தமாக ஒட்டிக்கொள்ளும்.

போடியின் ஏலக்காய் வியாபாரத்தை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. ஏஜிஇபி, ஏஜிபி, ஏஜிஎஸ் என்று ஆங்கில எழுத்துகளில் தரம் சொல்கிறார்கள்; அதில் முதலெழுத்து ஆலப்புழையைக் குறிக்கிறது, கடல் ஓரத்து ஊர். அதற்காக யாரும் அதை அந்நியம் என்று ஒதுக்கவில்லை. ஏஜிஇபி என்றால் எந்தப் பருமன், எந்த நிறம் என்பது விற்பவருக்கும் தெரியும், காயைக் கண்ணால் பார்க்காத வடநாட்டு வியாபாரிக்கும் தெரியும். ‘நல்ல பெரிய காய்’ என்பது புரியாத பேச்சு அல்ல; அதை நம்பி விலை வைக்க முடியாது, அவ்வளவுதான்.

2024 ஆகஸ்ட் 6 முதல் 14 வரை கோயம்புத்தூரை அடுத்த சூலூர் விமானப்படைத் தளத்தில் தரங் சக்தி கூட்டுப் பயிற்சியின் முதல் கட்டம் நடந்தது. ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் விமானங்கள் இந்திய விமானங்களோடு பறந்தன. ஐந்து நாட்டு விமானிகள் ஒரே வானில் பறக்கும்போது, ஒருவர் சொன்னதை மற்றவர் தாய்மொழியில் ஊகித்துக்கொள்ள இடம் இருப்பதில்லை. டிசிஎஸ் சர்வர்களின் நிலையும் இதுவே: அடுத்த விமானத்தில் இருப்பவர் பிரேசில்காரராகவோ துருக்கிக்காரராகவோ இருக்கலாம். தமிழர் மட்டுமே பறக்கும் குழுவில் வாக்கியத்தின் சதை தமிழாக இருக்கட்டும், தடையில்லை. “டேலி ரெண்டு, உன் லெஃப்ட்ல, நான் என்கேஜ்டு” என்பது முற்றிலும் சரியான ரேடியோப் பேச்சு. எலும்பு மட்டும் மாறக்கூடாது. ‘டேலி’க்குப் பதிலாக ஒரு தமிழ்ச் சொல்லையே அந்தக் குழு வரையறுத்துக்கொண்டாலும் குற்றமில்லை, வரையறுக்காமல் விடுவதுதான் குற்றம்.

4. நிஜ விமானிகளும் சாதாரணப் பேச்சு பேசுகிறார்கள். ஆம், குறிச்சொல் பொருந்தாத இடத்தில். குறிச்சொல் இருக்கும் இடத்தில் அதைத் தவிர்த்துப் பூடகமாகப் பேசியதன் விளைவை 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் பார்த்தது. கொலம்பியாவிலிருந்து வந்த ஏவியான்கா 52 விமானம் மோசமான வானிலையில் நீண்ட நேரம் வானில் காத்திருக்க வைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்றார்கள், முன்னுரிமை வேண்டும் என்றார்கள். அவசரநிலை என்ற அந்தத் துறையின் அதிகாரப்பூர்வச் சொல்லை மட்டும் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. கட்டுப்பாட்டாளர்களுக்கு ஆங்கிலம் புரிந்தது. நிலைமையின் தீவிரம் புரியவில்லை. நான்கு எஞ்சின்களும் அணைந்து விமானம் லாங் ஐலண்டில் விழுந்தது. 73 பேர் இறந்தார்கள்.

போர் விமானத்தில் இதற்கு ஜோக்கர், பிங்கோ என்று இரண்டு படிகள் வைத்திருக்கிறார்கள். இரண்டும் பறக்கும் முன்பே எண்ணாக முடிவு செய்யப்படுபவை. தளத்துக்குத் திரும்பி, சிறிது மிச்சத்தோடு இறங்கத் தேவையான எரிபொருள் பிங்கோ. அதற்கு மேலே, சண்டையிலிருந்து விலகத் தொடங்க வேண்டிய அளவு ஜோக்கர். “பெட்ரோல் கம்மியா இருக்கு” என்பதில் எண் இல்லை; அதனால் கேட்பவர் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. “ஜோக்கர்” என்று ஒருவர் சொன்னால் குழுத் தலைவர் உடனே ஒரு முடிவெடுத்தாக வேண்டும்: இன்னும் ஒரு சுற்று உண்டா, இல்லையா. சிமுலேட்டரில் இரவுதோறும் எத்தனையோ பேர் எதிரியால் அல்ல, காலியான டேங்கால் விழுகிறார்கள் என்பது பறப்பவர்கள் எல்லோரும் அறிந்தது.

5. சிமுலேட்டரில் யாரும் சாவதில்லை என்பதற்கு மறுப்பு இல்லை. ஆனால் அதே வாதத்தை நீட்டினால் ரேடார் எதற்கு, எரிபொருள் எதற்கு, இருநூறு பக்கக் கையேட்டைப் படித்து எஞ்சின் இயக்கக் கற்பது எதற்கு? ஒரு பொத்தானில் விமானத்தைக் கிளப்பும் விளையாட்டுகள் வேறே இருக்கின்றன. அவற்றில் குறிச்சொல் வேண்டாம் என்று யாரும் சண்டைக்கு வருவதில்லை. விமானத்தின் ஒவ்வொரு சுவிட்சும் உண்மைபோல இருக்க வேண்டும், விமானிகளுக்கு இடையிலான பேச்சு மட்டும் தெருமுனைப் பேச்சாக இருந்தால் போதும் என்பது, ஒரே சிமுலேட்டரில் இரண்டு அளவுகோல்.

2019 பிப்ரவரி 27 இந்த வாதத்தில் அடிக்கடி இழுக்கப்படும் நாள். அன்று தமிழ்நாட்டைச் சேர்ந்த விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமானின் மிக்-21 பைசன் பாகிஸ்தான் கட்டுப்பாட்டில் உள்ள காஷ்மீரில் வீழ்ந்தது. ‘கோல்ட்’, அதாவது எதிரிக்கு முதுகு காட்டித் திரும்பு, என்று தரைக்கட்டுப்பாடு கொடுத்த கட்டளை ரேடியோ முடக்கத்தால் அவருக்குக் கேட்கவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. சரியான குறிச்சொல்லும் பயன்படவில்லையே என்பார்கள். முடக்கப்பட்ட அலைவரிசையில் எந்தச் சொல்லும் போய்ச் சேராது. நீளமான வாக்கியம் மட்டும் எப்படிப் போய்ச் சேரும்? ஒற்றைச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லலாம், இரைச்சலின் இடைவெளியில் அது நுழைய வாய்ப்பாவது உண்டு. அதைவிட முக்கியம், கட்டளைக்குப் பதில் வந்தாக வேண்டும் என்ற ஒழுங்கு இருந்தால் மௌனமும் ஒரு தகவல் ஆகிறது.

அதே நாளில் புத்காமில் நடந்தது வேறு வகை. இந்திய விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டரை இந்தியாவின் சொந்த ஏவுகணையே வீழ்த்தி, உள்ளிருந்த ஆறு வீரர்களும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். பெரிய தவறு என்று விமானப்படைத் தளபதியே அந்த ஆண்டு அக்டோபரில் ஒப்புக்கொண்டார். குறிச்சொல் இருந்திருந்தால் அது நடந்திருக்காது என்று சொல்வது அபத்தம். நண்பரையும் எதிரியையும் பிரிப்பதுதான் வான்போரின் மிகக் கடினமான வேலை, அதில் பயிற்சி பெற்ற படைகளே வழுக்குகின்றன என்பதுதான் இங்கே எடுத்துக்கொள்ள வேண்டியது. சிமுலேட்டரில் அந்த வேலைக்குக் கிடைத்திருக்கும் கருவிகளில் ஒன்று ரேகன் என்ற அறிவிப்பு: யாரென்று தெரியாத விமானத்தின் மேல் ரேடாரைப் பூட்டியவர், இடத்தையும் உயரத்தையும் சேர்த்து அதைச் சொல்வார். அந்த இடத்தில் இருப்பது நம்மவர் என்றால் ‘படி ஸ்பைக்’ என்று பதில் வரும், பூட்டு விடுபடும். இரண்டு சொற்களில் ஓர் உயிர், கணினியில்தான் என்றாலும், மிஞ்சுகிறது. “யார்ரா என்னை லாக் பண்றது?” என்ற கூச்சலுக்கு இந்தப் பயன் இல்லை, ஏனெனில் எங்கே இருந்து கூச்சலிடுகிறார் என்று அதில் இல்லை.

6. புரிந்தால் போதும் என்பவர்களைவிட அதிகத் தீங்கு செய்கிறவர்கள் எதிர்முனையில் இருக்கிறார்கள். குறிச்சொல்லை அலங்காரமாக்கி, எது வாயில் வருகிறதோ அதைச் சொல்பவர்கள் இவர்கள். இவர்களைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்கு இந்தச் சொற்களின் மேல் வெறுப்பு வந்திருக்கிறது. எந்த ஏவுகணையை ஏவினாலும் ஃபாக்ஸ் த்ரீ என்று முழங்குவது பொதுவான பழக்கம். கடைசிவரை ஏவிய விமானத்தின் ரேடாரை நம்பிப் போகும் ஸ்பாரோ, ஆர்-27ஆர் போன்றவற்றுக்கு ஃபாக்ஸ் ஒன். வெப்பத்தைத் தேடிப் போகும் சைட்வைண்டர், ஆர்-73 போன்றவற்றுக்கு ஃபாக்ஸ் டூ. தன் ரேடாரைத் தானே சுமந்து செல்லும் அம்ராம், ஆர்-77, இந்தியாவின் அஸ்திரா போன்றவற்றுக்குத்தான் ஃபாக்ஸ் த்ரீ. இது ஆயுதப் பட்டியலை ஒப்பிப்பது இல்லை. ஃபாக்ஸ் ஒன் என்று சொன்னவர் இலக்கை விட்டு மூக்கைத் திருப்ப முடியாது. கூடப் பறப்பவர் அவரைக் காக்க வேண்டும். ஃபாக்ஸ் த்ரீ சொன்னவர் ஏவுகணை தன் ரேடாரை இயக்கும் கட்டம் வந்ததும், அதாவது பிட்புல் ஆனதும், திரும்பிக்கொள்ளலாம். சொல் தவறினால் துணைக்கு நிற்பவரின் கணக்கும் தவறும்.

ரேடாரில் புள்ளி தெரிந்ததும் டேலி என்பது, இன்னும் ஒரு ஏவுகணை மிச்சமிருக்க வின்செஸ்டர் என்பது, டேங்க் வற்றிய பிறகு பிங்கோ என்பது, ‘ஆம்’ என்ற பொருளில் ரோஜர் என்பது, ‘இன்னொருமுறை சொல்லுங்கள்’ என்பதற்கு ரிப்பீட் என்பது எல்லாம் இதே ஜாதி. ரோஜர் என்றால் கடைசிச் செய்தி முழுவதும் காதில் விழுந்தது என்று மட்டுமே பொருள். ஒப்புக்கொண்டதாகவோ செய்வதாகவோ ஆகாது. ரிப்பீட் என்பது பீரங்கிப் படையில் ‘அதே இடத்தில் மறுபடி சுடு’ என்ற கட்டளை. அதனால்தான் மீண்டும் சொல்லச் சொல்ல ‘சே அகெய்ன்’ என்று தனியே வைத்திருக்கிறார்கள். தவறாகச் சொல்லப்பட்ட குறிச்சொல், சாதாரணப் பேச்சைவிட ஆபத்தானது. சாதாரணப் பேச்சைக் கேட்பவர் சந்தேகத்தோடாவது கேட்பார். குறிச்சொல்லைக் கேட்பவர் நம்பிச் செயல்படுகிறார்.

7. புதியவர்கள் பயந்து ஓடுவது பட்டியலைப் பார்த்தா, பட்டியலைத் தலையில் கொட்டும் மனிதர்களைப் பார்த்தா? கையேட்டில் நூற்றுக்கணக்கில் இருப்பது உண்மை. அவற்றில் பல நீர்மூழ்கி வேட்டைக்கும் தரைப்படை உதவிக்கும் மின்னணுப் போருக்கும் உரியவை; வான்சண்டை பழகும் ஒருவர் ஆண்டுக்கணக்கில் தொடாமலே இருக்கலாம். முதல் மாதத்துக்குப் பதினைந்து போதும்: டேலி, விஷுவல், நோ ஜாய், பிளைண்ட், போகி, பேண்டிட், ஹாஸ்டைல், மூன்று ஃபாக்ஸ்கள், ஜோக்கர், பிங்கோ, வின்செஸ்டர், புல்ஸ்ஐ, நாக் இட் ஆஃப். கிரிக்கெட் வர்ணனை கேட்பவர்கள் கவர், பாயின்ட், ஸ்லிப், மிட்விக்கெட் என்று இதைவிட அதிகச் சொற்களை யாரும் சொல்லித்தராமலே பிடித்துக்கொள்கிறார்கள். ஜோடி ஜோடியாகக் கற்பதுதான் இங்கே சுலபமான வழி, ஏனெனில் ஒவ்வொரு சொல்லும் தன் எதிர்ச்சொல்லிலிருந்துதான் பொருள் பெறுகிறது. நோ ஜாய் தெரியாதவருக்கு டேலி பாதிதான் தெரியும்.

வரம்புகளும் உண்டு. கணினியே இயக்கும் துணை விமானங்களோடு தனியாகப் பறப்பவருக்கு மெனுவில் உள்ள கட்டளைகளே போதும். இரண்டாம் உலகப் போர் சிமுலேட்டரில் ஃபாக்ஸ் த்ரீ என்பது காலப் பிழை. அங்கே பிரிட்டிஷ் விமானப்படையின் அன்றைய சொற்களான ஏஞ்சல்ஸ், பேண்டிட், பேன்கேக் பொருந்தும். குறிச்சொல் கிடைக்காத சூழ்நிலையில் தெளிவான தமிழ் வாக்கியமே சிறந்தது. பொருந்தாத குறிச்சொல்லை இழுத்து ஒட்டுவதைக் கையேடும் கேட்கவில்லை. பதினைந்தில் கடைசியாக நிற்கும் நாக் இட் ஆஃப், பயிற்சிச் சண்டை முழுவதையும் உடனே நிறுத்தும் சொல். ஒருவருக்கு மின்சாரம் போய்விட்டது, இரண்டு பேர் ஒருவரையொருவர் காணாமல் மோதப் போகிறார்கள், யாரோ விதிகளைப் புரிந்துகொள்ளாமல் சுடுகிறார்கள் என்றால் இதைச் சொல்ல வேண்டும். குழுவில் யார் வேண்டுமானாலும் சொல்லலாம், அன்றைக்குத்தான் சேர்ந்தவரும். சொன்னதும் காரணம் கேட்காமல் எல்லோரும் நிறுத்தியாக வேண்டும். புதியவருக்கு முதலில் கற்றுத்தர வேண்டியது இதையே.